சந்தையில் குடையோடு நிற்பவர்

குரு என்றதும் தாடியும் மரத்தடியும் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு முப்பத்து நாலு வயது. பெயர் அமலோற்பவம். நாகப்பட்டினத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் வாட்டர் கலர் சொல்லிக்கொடுக்கிறார். சீடருக்குத்தான் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் பெயர் குஞ்சிதபாதம்.

குஞ்சிதபாதம் அரசுக் கிடங்குகளில் சரக்குச் சரிபார்க்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இருக்க வேண்டியது இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இல்லாவிட்டால் எடுத்தது யார் என்று கண்டுபிடிப்பதும் அவர் வேலை. ஓய்வுக்குப் பிறகு வீட்டுச் சர்க்கரை டப்பாவைச் சரிபார்க்க ஆரம்பித்தார். மருமகள் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று டாக்டர் வாயாலேயே சொல்லவைத்து ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டாள். டாக்டரை அவள் முன்கூட்டியே பார்த்துப் பேசிவிட்டாள் என்று மாமனாருக்குச் சந்தேகம். இந்த ஒரு சந்தேகம் மட்டும் சரியானது.

சேர்ந்த அன்றே அமலோற்பவம் ஒரு படத்தைப் பலகையில் பொருத்தி அவர் எதிரே வைத்தார்.

"இதைப் பார்த்து வரைங்க சார்."

கடற்கரை மீன் சந்தை. விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் வெயில். அலுமினியத் தட்டுகளில் மீனைக் குவித்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றிலும் பேரம் பேசும் கூட்டம். வலது ஓரத்தில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு தனியாக நிற்கிறார்.

குஞ்சிதபாதத்தின் வீட்டில் மீன் வாடையே பட்டதில்லை.

"வேற படம் இல்லையா டீச்சர்? கோபுரம், குளம், அந்த மாதிரி?"

"இதுலதான் ஆளுங்க இருக்காங்க சார்."

"யார் வரைஞ்சது?"

"முதல்ல வரைங்க. அப்புறம் சொல்றேன்."

அவர் படத்தின் நாலு மூலையிலும் தேடினார்.

"கையெழுத்து இல்லையே."

"இல்ல."

போதாதா? யாருடையதோ படம், சொல்ல மறுக்கிறார் என்று அவர் மனம் அங்கேயே முடிச்சுப் போட்டுவிட்டது. ஆனால் வாய்விட்டுக் கேட்கவில்லை. சந்தேகப்பட்ட ஆளிடமே கேட்பது அவர் வழக்கமில்லை.

வரைந்தார். வானத்துக்கு நீலம் ஓட்டினால் அது மீன்காரிகளின் தலையில் வழிந்தது. தட்டுகள் உருண்டைக்கல் ஆயின. அமலோற்பவம் எட்டிப் பார்த்து, ஈரம் காயும்வரை பொறுக்கச் சொன்னார். பிரஷ்ஷை வாங்கித் திருத்திக் காட்டவில்லை. முடித்ததும் படத்தை எடுத்து அலமாரியில் வைத்தார்.

"இன்னொரு தடவை இதையே வரைங்க சார்."

மறுபடியும் அதே சந்தை. முடித்ததும் அதுவும் அலமாரிக்குப் போனது. அடுத்த வாரமும் அப்படியே.

"என் படத்தையெல்லாம் எதுக்கு டீச்சர் உள்ள வைக்கிறீங்க?"

"இருக்கட்டும் சார்."

இருக்கட்டும் என்றால் என்ன பொருள்? யாருக்காவது விற்கிறாரோ? டீச்சர் பால் வாங்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்து அலமாரியைத் திறந்தார். எல்லாம் இருந்தன. தேதி வாரியாக அடுக்கிவேறு வைத்திருந்தார். குஞ்சிதபாதத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் கீழவீதி அன்னதான மடத்தில் வெள்ளிச் செம்பு காணாமல் போனது. முதல் பந்தியில் முதல் இலைக்குத் தண்ணீர் தெளிக்கிற செம்பு. போலீஸுக்குப் போனால் மடத்தின் பெயர் கெடும் என்று செயலாளர் சபேசன் குஞ்சிதபாதத்தைத் தேடி வந்தார்.

"நீங்க பார்த்துச் சொன்னாப் போதும் அண்ணே. நீங்க கைகாட்டற ஆளை அனுப்பிடறோம். வெளிய தெரிய வேணாம்."

குஞ்சிதபாதத்துக்கு உடம்பில் பழைய ரத்தம் ஓடியது. பந்திக்கூடத்து மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வருகிறவர், போகிறவர், இலை போடுகிறவர், சாம்பார் வாளி தூக்குகிறவர் என்று எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலைந்து நாளில் ஆளைப் பிடித்துவிட்டார். பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற மாசிலாமணி.

வகுப்புக்கு வந்ததும் அதை டீச்சரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க சார்?"

"மத்தவங்க எல்லாம் என்னைப் பார்த்ததும் ஒரு கும்பிடு போட்டாங்க. இவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ஒரு கையில ஜக்கு. இன்னொரு கையைப் பின்னால கொண்டுபோயிட்டான். மறுநாளும் அப்படித்தான் நின்னான்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கறதா?" குஞ்சிதபாதம் சிரித்தார். "வாய் என்ன வேணா சொல்லும் டீச்சர். உடம்பு பொய் சொல்லாது. சர்வீஸ் முழுக்க நான் யார்கிட்டயும் கேட்டதில்ல. பார்ப்பேன். அவ்வளவுதான்."

"சொல்லிட்டீங்கன்னா அவரை என்ன பண்ணுவாங்க?"

"அனுப்பிடுவாங்க."

"குடும்பம் இருக்கா?"

"மடத்துக்குப் பின்னாடி ஒரு ரூம் குடுத்திருக்காங்க. பொண்டாட்டி, ரெண்டு பொண்ணு. அதையும் காலி பண்ணத்தான் வேணும்." சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே ஏற்றிக்கொண்டார். "அதுக்காக? வெள்ளிச் செம்பு டீச்சர். அவன் பந்தியில நின்னா இனிமே எவன் வீட்டுப் பொருள் பத்திரம்?"

அமலோற்பவம் தண்ணீர்க் குவளையில் புதுத் தண்ணீர் பிடித்து வந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

"வரைங்க சார்."

அதற்குப் பிறகு வலது ஓரத்து ஆள் அவரை விடவில்லை. மீன்காரிகளை அவசர அவசரமாக முடித்துவிட்டுக் குடைக்காரரிடம் வந்துவிடுவார். மெல்லிய பிரஷ்ஷாகப் பார்த்து எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு ஆளுக்கே ஒரு மணி நேரம் முழுசாகச் செலவழிப்பார். அவருடைய சந்தையில் மற்றவர்கள் எல்லாம் தேய்ந்துகொண்டே போனார்கள். அந்த ஆள் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தான். ஆமாம், இதற்குள் குடைக்காரர் 'அவன்' ஆகிவிட்டிருந்தார்.

மடத்து அறங்காவலர்கள் கூடுகிற நாள் வந்தது. சபேசன் காதில் பெயரை ஏற்கெனவே போட்டாயிற்று, கூட்டத்தில் சொல்வதுதான் பாக்கி. சாயங்காலம் சபேசன் காரோடு வந்து வகுப்பிலிருந்தே அவரைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. குஞ்சிதபாதம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, அதன்மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு வரைந்தார். முடித்து, பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

அமலோற்பவம் வந்து குனிந்து பார்த்தார். குடைக்காரருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன சார்?"

"வால்."

"என்ன வால்?"

"மீன் வால்."

"என்ன மீன்?"

குஞ்சிதபாதம் திணறினார். "வெள்ளையா இருக்குமே, அந்த மீன்."

"படத்துல மீன் இல்லையே சார்."

"கண்ணுக்குத் தெரியல. ஆனா இருக்கு." அவர் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். "நல்லாப் பாருங்க. எல்லாரும் பேரம் பேசறாங்க, இவன் பேசல. எல்லாரும் மீனைப் பார்க்கறாங்க, இவன் தரையைப் பார்க்கறான். ஒரு கையில குடை. இன்னொரு கை எங்க? காசு குடுத்து வாங்கின மீனை எவனாவது முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு நிப்பானா?"

"மாட்டாங்க."

"அதான். படம் வரைஞ்சவருக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் நைசா மறைச்சிருக்கார். அதான் கையெழுத்துப் போடல."

அமலோற்பவம் அலமாரியைத் திறந்தார். குஞ்சிதபாதத்தின் பழைய படங்களை எடுத்து, முதலில் வரைந்தது தொடங்கித் தரையில் வரிசையாகப் பரப்பினார். கடைசியில் அன்றைய ஈரப்படத்தை வைத்தார்.

"மத்தவங்களை விட்டுடுங்க சார். குடைக்காரரை மட்டும் பார்த்துக்கிட்டே நடங்க."

குஞ்சிதபாதம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கிடங்கில் நடப்பது போலவே நடந்தார்.

முதல் படத்தில் குடைக்காரர் வெறும் பழுப்புப் புள்ளியும் வெள்ளைக் கோடும்தான். அடுத்ததில் தோள் இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் கழுத்து குனிந்தது. பிறகு புருவம் வந்தது. புருவத்துக்குக் கீழே கண் வந்தது. அந்தக் கண் அடுத்த படத்தில் ஓரமாகப் போனது. மீசை அரும்பியது. காதோரம் நரைத்தது. நெற்றி ஏறி, நடுவில் ஒரு கொத்து முடி மட்டும் நின்றது.

கடைசிப் படத்தருகே குஞ்சிதபாதம் நின்றுவிட்டார்.

"என்ன சார்?"

"டீச்சர்." அவர் குனிந்து ஈரப்படத்தைக் காட்டினார். "இது மாசிலாமணி."

"மீன் சந்தைக்கு அவர் எங்க சார் வந்தார்?"

எப்போது வரைந்தோம் என்று குஞ்சிதபாதத்துக்கு நினைவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் நிமிர்ந்து அசலைப் பார்த்தார். அது மட்டும் சத்தியம். அவருக்குப் பயமாக இருந்தது.

பயத்தை ஒத்துக்கொள்கிற ஆளா அவர்? "ஒரே மாதிரி முகம் ஊர்ல எத்தனையோ பேருக்கு இருக்கும்" என்றார். "அசல்லயும் இப்படித்தான் இருக்கான். நீங்களே பாருங்க." மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையிலிருந்த படத்தை நெருங்கினார். இன்னும் நெருங்கினார். மூக்கு காகிதத்தில் இடித்தது.

"டீச்சர், இதுல கண்ணே இல்லையே."

"இல்ல சார்."

"மீசை?"

"அதுவும் இல்ல."

"முகம் தரையைப் பார்க்குதே. அது பொய்யா?"

"கழுத்து நிழல் காயறதுக்குள்ள முகத்துக்குப் பழுப்பு வச்சாச்சு. கீழ ஓடிடுச்சு. துடைச்சா இன்னும் கெட்டுப்போகும்னு பயந்து அப்படியே விட்டுட்டேன்."

குஞ்சிதபாதம் திரும்பினார்.

"விட்டுட்டேன்னா? நீங்களா வரைஞ்சீங்க?"

"காலேஜ்ல ரெண்டாவது வருஷம்."

"பின்ன ஏன் கையெழுத்துப் போடல?"

"போடற மாதிரியா சார் இருக்கு?"

எல்லாச் சந்தேகமும் ஒரே நேரத்தில் கைவிட்டால் மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? குஞ்சிதபாதத்திடம் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்தார்.

"சரி டீச்சர். முகம் ஓடிப்போச்சு, ஒத்துக்கறேன். கை ஓடலையே. பின்னால எதுக்குக் கொண்டுபோனான்?"

அமலோற்பவத்துக்கு முகம் லேசாகச் சிவந்தது.

"எனக்கு அப்ப கை வரைய வராது சார். விரல் எல்லாம் வெண்டைக்காய் மாதிரி வரும். குடையைப் பிடிச்ச கைக்கே நான் பட்ட பாடு போதும்னு ஆயிடுச்சு. இன்னொண்ணைப் பின்னால தள்ளிட்டேன்."

"கையில ஒண்ணும் இல்லையா?"

"கையே இல்ல சார்."

குஞ்சிதபாதம் மறுபடி படத்தைப் பார்த்தார். இந்தத் தடவை குடைக்காரரை விட்டுவிட்டு இடது மூலையிலிருந்து தொடங்கினார். முதல் மீன்காரியின் வலது கை தட்டுக்கு அடியில். அடுத்தவளுடையது முந்தானைக்குள். பேரம் பேசும் பெரியவருடைய கை துண்டுக்குள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்ணின் கையைக் குழந்தையின் சட்டை மூடியிருந்தது. ஒரு பக்கமாக வந்து மறுபக்கமாகவும் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டார். அந்தச் சந்தையில் ஒருவருக்குக்கூட இரண்டு கை முழுசாக இல்லை.

கிடங்கில் ஒரு போல்ட் குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிற மனுஷர். ஒரு சந்தைக்கே கை குறைவதைப் பார்க்காமல் இத்தனை வாரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

கீழே கார் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் சபேசன் மேல்மூச்சு வாங்கப் படியேறி வந்தார். தரை முழுக்கப் படம் கிடந்ததால் வாசலோடு நின்றுகொண்டார்.

"அண்ணே, எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. மாசிலாமணியையும் வாசல்ல நிக்கச் சொல்லியிருக்கேன். விஷயம் எப்படியோ வெளிய போயிடுச்சு. அவன் சம்சாரம் பாத்திரத்தையெல்லாம் கட்டி வச்சிடுச்சு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. அவன்தானே?"

குஞ்சிதபாதம் மேலே போட்டிருந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நான் இன்னும் அவன்கிட்ட பேசல சபேசன்."

"பேசலையா?" சபேசன் டீச்சரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அப்ப இத்தனை நாளா நாற்காலி போட்டு உக்காந்து என்ன அண்ணே பண்ணீங்க?"

"பார்த்தேன்."

சபேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டம் காத்திருக்கிறது என்பது மட்டும் விளங்கியது. "கீழ இருக்கேன், சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அமலோற்பவம் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தார். குஞ்சிதபாதம் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் அங்கேயே நின்றார். அவருக்கு இதை யாரிடமாவது கேட்டே ஆக வேண்டியிருந்தது.

"சந்தையில நிக்கிற ஆளுக்கு நீங்க காரணம் சொல்லிட்டீங்க டீச்சர். மாசிலாமணி எதுக்குக் கையைப் பின்னால கொண்டுபோனான்?"

அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்தார். அடுக்கில் இன்னும் சேராமல் தரையில் கிடந்த ஈரப்படத்தை எடுத்து, ஓரத்தைப் பிடித்து அவரிடம் நீட்டினார்.

"அவரை வரைஞ்சது நான் இல்லையே சார்."